ரோஜா பசியால் சாவதில்லை

ரோஜா வளர்க்கிறேன் என்று சொன்னால் போதும், கேட்பவர் யாராக இருந்தாலும் இரண்டு அறிவுரை தருவார். ரோஜாவுக்குத் தீனி அதிகம், பதினைந்து நாளுக்கு ஒருமுறையாவது எதையாவது போட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்பது ஒன்று. ரோஜா நோஞ்சான் செடி, பூச்சி வருவதற்கு முன்பே மருந்து அடித்துவிட வேண்டும் என்பது மற்றொன்று. நர்சரிக்காரர் செடியோடு ஒரு பொட்டலம் டிஏபியையும் கட்டிக் கொடுக்கிறார். பக்கத்து வீட்டில் டீத்தூளும் முட்டை ஓடும் சேர்த்து வைக்கிறார்கள். பூக்காத செடியைக் காட்டினால் "என்ன உரம் போட்டீங்க?" என்பதுதான் முதல் கேள்வி. "எத்தனை மணி நேரம் வெயில் படுது?" என்று கேட்பவரைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

இந்த இரண்டு அறிவுரைகளும் தவறு. தனித்தனித் தவறுகளும் அல்ல, முதல் தவறு பெற்றதுதான் இரண்டாவது. அளவு மீறிய தீனி பூச்சியை வரவழைக்கிறது. அந்தப் பூச்சிக்கு அடிக்கும் மருந்து அடுத்த பூச்சியை வரவழைக்கிறது. நம் மாடிகளிலும் முற்றங்களிலும் ஆண்டுதோறும் கருகிப்போகும் ரோஜாக்கள் பட்டினியால் சாகவில்லை, ஊட்டி ஊட்டியே சாகடிக்கப்படுகின்றன.

ரோஜாவுக்குத் தீனி அதிகம் என்ற பேச்சு ஒன்றுமில்லாததிலிருந்து பிறந்துவிடவில்லை. ஓசூரின் பசுமைக்குடில்களில் தாஜ்மகால் ரோஜாவை நாள் தவறாமல் நீண்ட காம்போடு அறுக்கிறார்கள். நிலக்கோட்டைச் சந்தைக்கு உதிரிப்பூ மூட்டை மூட்டையாக வந்து இறங்குகிறது. அப்படி வெட்டி எடுக்கப்படும் ஒவ்வொரு காம்போடும் மண்ணின் சத்து வெளியேறுகிறது, அதைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். சொட்டுநீரில் உரம் கலந்து கொடுக்கும் விவசாயி கணக்குப் பார்த்துத்தான் கொடுக்கிறார். மாதத்துக்கு நாலைந்து பூ பூக்கும் தொட்டிச் செடிக்கு அந்தக் கணக்கு எப்படிப் பொருந்தும்?

கணக்கையே பார்ப்போம். வயலில் நிற்கும் ரோஜாவுக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்வது ஆண்டுக்கு இரண்டே தவணை. அக்டோபரில் கவாத்து முடிந்ததும் ஒருமுறை, ஜூலையில் ஒருமுறை. ஒவ்வொரு தவணைக்கும் செடிக்கு 10 கிலோ தொழு உரம், 6 கிராம் தழைச்சத்து, 12 கிராம் மணிச்சத்து, 12 கிராம் சாம்பல்சத்து. ஆக, ஓர் ஆண்டுக்குச் செடி ஒன்றுக்கு 24 கிராம் மணிச்சத்து. இப்போது நம் மாடிக்கு வாருங்கள். டிஏபியில் நூற்றுக்கு 46 பங்கு மணிச்சத்து. ஒரு கரண்டிக்கு 15 கிராம், மாதம் இருமுறை என்று போட்டால் ஆண்டுக்கு 165 கிராமுக்கு மேல் போகிறது. வயல் செடிக்குச் சொன்ன அளவைப் போல ஏறக்குறைய ஏழு மடங்கு. வயலிலாவது வேர் ஓடித் தப்பிக்க இடம் உண்டு, மழை வந்தால் உப்பு கரைந்து கீழே இறங்கும். ஒரு முழ உயரத் தொட்டியில் வேர் எங்கே ஓடும்?

மிஞ்சிய மணிச்சத்து சும்மா கிடப்பதில்லை. இரும்பையும் துத்தநாகத்தையும் வேர் எடுக்க விடாமல் தடுக்கிறது. கொழுந்து இலை மஞ்சளாகிறது, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிகிறது. வளர்ப்பவர் பதறிப்போய், சத்துக் குறைவு என்று இன்னொரு கரண்டி போடுகிறார். காய்ச்சலில் கிடக்கும் குழந்தைக்கு விருந்து சமைத்து ஊட்டுவதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை.

தழைச்சத்து மிஞ்சினால் நடப்பது இதைவிட மோசம். செடி கொழுகொழுவென்று தளிர்விடும். பார்க்க அழகாக இருக்கும், உரம் வேலை செய்கிறது என்று மகிழ்ச்சி வரும். அந்தத் தளிரின் தோல் மெல்லியது, அதன் சாற்றில் அமினோ அமிலங்கள் நிறைந்திருக்கும். அசுவினிக்கு அதைவிட நல்ல உணவு கிடையாது, இலைப்பேனுக்கும் அதுதான் விருப்பம். சாம்பல் நோய்ப் பூசணமும் முற்றிய இலையை விட்டுவிட்டு இளசில்தான் முதலில் படர்கிறது. பத்து நாளில் தளிர் சுருண்டு, மொட்டின் ஓரம் பழுப்பேறி, விரியாமலே காய்ந்துபோகும். உடனே மருந்துக் கடைக்கு ஓட்டம்.

கடை உரம் வேண்டாம், எல்லாம் சமையலறையிலிருந்தே கொடுக்கிறேன் என்பவர்கள் இந்தக் குற்றச்சாட்டு தங்களுக்கு இல்லை என்று நினைக்கலாம். அவர்களிடம்தான் நான் அதிகம் பேச வேண்டியிருக்கிறது.

முட்டை ஓட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பெரும்பங்கு கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்புக்கல்லில் இருக்கும் அதே பொருள். ஊட்டி போன்ற அமில மண்ணில் சுண்ணாம்பு இடுவதற்குப் பொருள் உண்டு. ரோஜா விரும்புவது சற்றே அமிலத் தன்மை உள்ள மண், கார அமில நிலை 6 முதல் 6.5 வரை. சென்னையிலும் சமவெளி ஊர்கள் பலவற்றிலும் போர் தண்ணீரைக் கொதிக்கவைத்தால் பாத்திரத்தின் அடியில் வெள்ளைப் படிவு கட்டுகிறது. அந்தத் தண்ணீரைத்தான் தினமும் தொட்டியில் ஊற்றுகிறோம். கால்சியம் தேவைக்கு மேலேயே இறங்குகிறது, மண் காரமாகிறது, இருக்கும் இரும்பும் கரையாமல் பூட்டிக்கொள்கிறது. அதன் மேல் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பைப் பொடித்துத் தூவச் சொல்வது என்ன வைத்தியம்? காரம் ஏறிய மண்ணில் முட்டை ஓடு சீக்கிரம் கரையாது என்பது மட்டும்தான் நமக்கு ஆறுதல்.

டீத்தூளில் தழைச்சத்து இருப்பது உண்மை. ஆனால் நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்த பிறகுதான் வேருக்குக் கிடைக்கும், அதற்கு மாதங்கள் ஆகும். அதுவரை தொட்டியின் மேல் அது ஏடாகப் படிந்து, தண்ணீரையும் காற்றையும் உள்ளே விடாமல் நிற்கும். பாலும் சர்க்கரையும் கலந்த தூளென்றால் எறும்பு வரும். எறும்பு வந்த செடிக்கு மாவுப்பூச்சி வருவது தற்செயல் அல்ல. மாவுப்பூச்சியும் அசுவினியும் சுரக்கும் இனிப்புக்காக எறும்புகள் அவற்றுக்குக் காவல் இருக்கின்றன, பொறிவண்டின் புழு நெருங்கினால் விரட்டுகின்றன. உரம் என்று நீங்கள் போட்டது பூச்சிக்குக் காவலாளை அமர்த்திக் கொடுத்திருக்கிறது.

வாழைப்பழத் தோல் ஊறிய தண்ணீரில் கொஞ்சம் சாம்பல்சத்து உண்டு, தழைச்சத்து இல்லையென்றே சொல்லலாம். எப்சம் உப்பு மெக்னீசியம் சல்பேட். முதிர்ந்த இலைகளில் நரம்புகளுக்கிடையே மஞ்சள் விழுந்தால் அது மெக்னீசியக் குறைவாக இருக்கக்கூடும், அப்போது அது மருந்து. குறைவே இல்லாத செடிக்கு மாதாமாதம் போட்டால் சாம்பல்சத்தையும் கால்சியத்தையும் வேர் எடுப்பதற்கு அதுவே போட்டியாக நிற்கும். இவை எல்லாவற்றுக்கும் நல்ல இடம் ஒன்று உண்டு. எருக்குழி. டீத்தூளும் தோலும் ஓடும் காய்கறிக் கழிவோடு சேர்ந்து மட்கி எருவாகட்டும். அதன் பிறகு தொட்டிக்கு வரட்டும்.

"எங்க அத்தை டீத்தூளைத் தவிர வேறெதுவும் போட்டதில்லை. அவங்க வீட்டு ரோஜா எப்படிப் பூக்கும் தெரியுமா?" என்று சொல்லாதவர் இல்லை. அத்தையின் ரோஜா பூத்தது உண்மைதான், சந்தேகமே இல்லை. அது பெரும்பாலும் மண்தரையில் நின்ற பன்னீர் ரோஜாவாகவோ எட்வர்ட் ரோஜாவாகவோ இருந்திருக்கும். இரண்டும் நம் வெயிலுக்குப் பழகியவை. அத்தை தினமும் காலையில் செடிக்குப் பக்கத்தில் போய் நின்றார். காய்ந்த குச்சியை ஒடித்துப் போட்டார், புழுவைக் கண்டால் எடுத்து நசுக்கினார், பூத்து முடிந்த பூவைக் கிள்ளினார். ரோஜா புதுக்கிளையின் நுனியில்தான் பூக்கும். பூவைக் கிள்ளக் கிள்ள அடுத்த கிளை வரும், வெட்டிய நாளிலிருந்து ஆறு ஏழு வாரத்தில் அதில் பூ வரும். அத்தை தலையில் வைக்கப் பறித்ததே கவாத்தாக அமைந்தது. இத்தனையையும் மறந்துவிட்டு டீத்தூளுக்கு மாலை போடுவது அத்தைக்குச் செய்யும் அநியாயம்.

சமையலறையிலிருந்து வரும் எதுவும் பயன்படாது என்று நான் சொல்லவில்லை. சமையல் சோடாவை எண்ணெயோடு கலந்து ரோஜாவில் அடித்து, சாம்பல் நோயும் கரும்புள்ளி நோயும் குறைவதை அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கென்னத் ஹார்ஸ்ட் குழுவினர் சோதித்து 1992இல் வெளியிட்டார்கள். பிரேசிலில் வாக்னர் பெத்தியோல் பாலைத் தண்ணீரில் கலந்து சீமைச் சுரைக்காய்ச் செடியின் சாம்பல் நோய்க்கு அடித்துப் பார்த்து 1999இல் எழுதினார். அவர்கள் எந்த நோய், எந்தச் செடி, எந்த அளவு என்று குறித்துக்கொண்டு, மருந்து அடிக்காத செடியையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள். சமையல் சோடாவிலும் சிக்கல் உண்டு. திரும்பத் திரும்ப அடித்தால் சோடியம் மண்ணில் தங்கிவிடும், தொட்டியில் அது விரைவிலேயே தொல்லையாகும். நல்ல மருந்தும் அளவோடும் காரணத்தோடும்தான் நல்ல மருந்து.

காரணம் பார்ப்பதுதான் நம்மிடம் இல்லாதது. சில எடுத்துக்காட்டுகள் சொல்கிறேன். இலை மேல்நோக்கிக் குவிந்து, மொட்டின் ஓரம் கருகி நிற்கிறதா? வெள்ளைத்தாளின் மேல் மொட்டைத் தட்டிப் பாருங்கள். கோடு போன்ற பூச்சிகள் ஓடினால் அது இலைப்பேன், மிளகாய்ச் செடியைச் சுருட்டும் அதே பூச்சியாகவே இருக்கலாம். அது மொட்டுக்குள்ளே இருப்பதால் மேலே அடிக்கும் மருந்து அதைத் தொடாது. பாதித்த நுனிகளையும் மொட்டுகளையும் வெட்டிப் பையில் கட்டி அப்புறப்படுத்துவதே பாதி வைத்தியம். இலையின் மேற்புறம் ஊசி குத்தியதுபோல வெளுத்து, அடியில் மெல்லிய நூலாம்படை தெரிந்தால் சிலந்திப்பேன். சித்திரை வெயிலில் வருவது. இலையின் அடிப்புறத்தில் குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சினாலே பெரும்பங்கு போய்விடும். இலை ஓரத்தில் கத்தரியால் வெட்டியதுபோல அரைவட்டம் இருந்தால் எதுவும் செய்ய வேண்டாம். அது இலைவெட்டித் தேனீ. கூட்டுக்குள் விரிக்க இலை எடுத்துப் போகிறது, செடிக்கு அதனால் ஒரு கேடும் இல்லை. அதற்குப் போய் விஷம் அடிப்பவர்கள் எத்தனை பேர்!

கரும்புள்ளிக்கும் சாம்பலுக்கும் ஒரே மருந்தை வாங்கி வருகிறோம். இரண்டும் வேறு வேறு நிலையில் வருபவை. கரும்புள்ளிப் பூசணத்தின் விதைத்தூள் முளைத்து இலைக்குள் இறங்க இலை ஏழு மணி நேரமாவது ஈரமாக இருக்க வேண்டும். ஐப்பசி கார்த்திகை மழையில் அது பரவுவதற்குக் காரணம் அதுதான். மாலையில் இலை நனையத் தண்ணீர் ஊற்றுபவர் அந்த ஏழு மணி நேரத்தை ஆண்டு முழுவதும் அதற்குக் கொடுக்கிறார். காலையில் வேரடியில் ஊற்றுங்கள், உதிர்ந்த இலையைப் பொறுக்கி எடுத்துவிடுங்கள், பாதி நோய் நின்றுவிடும். சாம்பல் நோய்க்கு இலை ஈரம் தேவையில்லை. இரவில் காற்றில் ஈரப்பதம், பகலில் உலர்ச்சி, நெருக்கமாக அடுக்கிய தொட்டிகள், நிழல், இவை போதும். அதற்கு மருந்து இடைவெளியும் வெயிலும்.

நோயே இல்லாமல் சாகும் செடிகளும் உண்டு. கடையில் வாங்கிய ரோஜாவின் வேரைச் சுற்றிச் சிவப்புக் களிமண் உருண்டை இறுகிக் கிடக்கும். அதை அப்படியே தேங்காய் நார்க் கலவைக்குள் வைத்துவிட்டால், சுற்றியுள்ள கலவை ஈரமாக இருக்கும்போதே நடுவில் உருண்டை காய்ந்து கிடக்கும், அல்லது நேர்மாறாக வேர் அழுகும். நட்டபோதே அந்த மண்ணைத் தண்ணீரில் ஊறவைத்துப் பதமாகத் தளர்த்தியிருந்தால் பிழைத்திருக்கும். ஒட்டுக்கு மேலே உள்ள நல்ல ரகம் பட்டுப்போய், ஒட்டுக்குக் கீழிருந்து காட்டுக்கிளை ஒன்று பொங்கி எழுவதையும் பார்க்கலாம். 'செடி நல்லா வருது, பூ மட்டும் வரல' என்று அதற்கும் உரம் கொட்டுகிறார்கள்.

இனி மருந்து. பூச்சி வருமுன் அடித்துவிடு என்பவர்கள் செடியில் வாழும் நல்ல பூச்சிகளைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. பைரித்ராய்டு வகை மருந்துகளை அடித்த பிறகு சிலந்திப்பேன் பெருகுவது பூச்சியியலார் பல்லாண்டுகளாகக் கண்டு எழுதியது. சிலந்திப்பேனைத் தின்னும் இரைவிழுங்கிகள் அந்த மருந்தில் முதலில் சாகின்றன, சிலந்திப்பேன் பிழைத்துக்கொள்கிறது. அசுவினிக்கு நாம் எளிதாக வாங்கும் இமிடாகுளோபிரிட் சிலந்திப்பேனைக் கொல்லாது. பல செடிகளில் அதைப் பெருகவே வைத்திருக்கிறது.

வெளிநாட்டுச் சான்று வேண்டாம் என்பவர்களுக்கு நம் கொங்கு மண்ணிலேயே பாடம் இருக்கிறது. 2008இல் கோயம்புத்தூரில் பப்பாளி மாவுப்பூச்சி முதன்முதலாகத் தென்பட்டது. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று கண்டதையெல்லாம் வெள்ளையாக மூடியது. விவசாயிகள் மருந்து மாற்றி மருந்து அடித்தார்கள். மெழுகுப் போர்வைக்குள் இருந்த பூச்சி அசையவில்லை, கைப்பணம்தான் போனது. 2010இல் பியூர்டோ ரிகோவிலிருந்து அசெரோஃபேகஸ் பப்பாயே என்ற நுண்ணிய ஒட்டுண்ணிக் குளவியை வரவழைத்துத் தோட்டங்களில் விட்டார்கள். சில மாதங்களில் மாவுப்பூச்சி அடங்கத் தொடங்கியது. கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும் ஒரு குளவி செய்ததைத் தெளிப்பான்களால் செய்ய முடியவில்லை. அந்தக் குளவியை வரவழைத்துவிட்டு அடுத்த நாளே மருந்து அடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நம் மாடியில் தானாக வரும் பொறிவண்டுக்கும் கண்ணாடி இறக்கைப் பூச்சிக்கும் நாம் வாரந்தோறும் அதைத்தான் செய்கிறோம்.

"நான் ரசாயனம் அடிப்பதில்லை, புகையிலைக் கரைசல்தான்" என்பவர்களுக்கு அழுத்திச் சொல்கிறேன். புகையிலையில் இருப்பது நிகோட்டின். தோல் வழியாகவே உடம்பில் ஏறும் கடும் நஞ்சு. ஈரமான புகையிலை இலையைக் கையாளும் தொழிலாளிகள் வாந்தியும் தலைசுற்றலுமாகப் படுத்துவிடுவது மருத்துவம் அறிந்த நோய். நிகோட்டின் சல்பேட்டைப் பூச்சிமருந்தாகப் பயன்படுத்த இந்தியா தடை விதித்திருக்கிறது. அதையே அடுப்பில் காய்ச்சி, குழந்தைகள் விளையாடும் மாடியில் கையுறை இல்லாமல் தெளிப்பதை இயற்கை வழி என்று சொல்லாதீர்கள். வேப்பெண்ணெயை வெயில் தாழ்ந்த பிறகு, தேவைப்படும்போது அடிப்பதில் எனக்கு மறுப்பில்லை. அதுவும் நாள்காட்டி பார்த்து அடிப்பதல்ல.

ஓசூர் விவசாயி மருந்து இல்லாமல் எப்படி விற்பார் என்று கேட்கலாம். அவர் விற்பது ஒரு புள்ளிகூட இல்லாத ஏற்றுமதிப் பூ. இலையில் ஒரு கறை தெரிந்தால் விலை போகாது. அந்தச் சந்தையின் நெருக்கடி வேறு, அதைப் பேச வேறு கட்டுரை வேண்டும். நம் வீட்டுப் பூவுக்கு அப்படி எந்த நெருக்கடியும் கிடையாது. அது மகளின் பின்னலில் ஏறும் பூ, சாமி படத்தில் வைக்கும் பூ, சில வீடுகளில் இதழாகவே வாயில் போட்டுக்கொள்ளும் பூ. இலையில் நாலு கரும்புள்ளி இருந்தால் இருக்கட்டும். செடிக்குள் ஊடுருவும் மருந்து பூவுக்குள்ளும் இருக்கும் என்பதை நினைத்தால் எனக்குப் பதைக்கிறது.

மருந்தே இல்லாமல் ரோஜாவா என்ற வியப்பு இங்கேதான். ஜெர்மனியில் புதிய ரோஜா ரகங்களுக்குத் தரச்சான்று தரும் ஏடிஆர் தேர்வில் 1997 முதல் மருந்தே அடிப்பதில்லை. மருந்தின்றி ஆண்டுக்கணக்கில் நின்று காட்டும் ரகத்துக்குத்தான் சான்று. வெயிலில் நமக்குச் சளைக்காத டெக்சாஸில், அங்குள்ள வேளாண் பல்கலைக்கழகம் 'எர்த்கைண்ட்' என்ற பெயரில் ரோஜாக்களை உரமும் மருந்தும் இல்லாமல், மண்ணில் மட்கும் மூடாக்கை மட்டும் பரப்பிச் சோதித்து, தாங்கிய ரகங்களைப் பட்டியல் போட்டிருக்கிறது. பிரான்சில் 2019 சனவரி முதல் வீட்டுத் தோட்டக்காரருக்குச் செயற்கைப் பூச்சிமருந்து விற்கவே கூடாது. பிரெஞ்சுத் தோட்டங்களில் ரோஜா இன்றும் பூக்கிறது.

இது நமக்கு அந்நியமான சிந்தனையும் அல்ல. இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் முதல் தலைமை இயக்குநராக 1965இல் பொறுப்பேற்ற பி.பி. பால், துரு நோயைத் தாங்கும் கோதுமை ரகங்களுக்காக வாழ்நாள் உழைத்தவர். அவரே இந்தியாவின் முன்னோடி ரோஜா வளர்ப்பாளரும்கூட. 'டெல்லி பிரின்செஸ்' போன்ற ரகங்களை உருவாக்கினார், இந்தியாவில் ரோஜா வளர்ப்பைப் பற்றிப் புத்தகமும் எழுதினார். நோயை மருந்தால் துரத்துவதைவிட, தாங்கும் ரகத்தைத் தேர்ந்தெடுப்பது முதன்மை என்று கோதுமை வயலில் நாம் ஏற்றுக்கொண்டோம். ரோஜாவில் மட்டும் ஏன் மறந்தோம்?

நம் நர்சரிகளில் ரோஜாவின் பெயர் 'சிவப்பு', 'மஞ்சள்', 'ரெட்டைக் கலர்'. எந்த ரகம், எதன் மேல் ஒட்டியது, சமவெளி வெயிலைத் தாங்குமா, மழையில் கரும்புள்ளி எவ்வளவு வரும் என்று கேட்டால் பதில் கிடைப்பதில்லை. வாங்குபவர்களும் கேட்பதில்லை, பூவின் நிறத்தைப் பார்த்துத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறோம். இனிமேல் கேளுங்கள். ரகத்தின் பெயரை ஒரு அட்டையில் எழுதித் தொங்கவிடச் சொல்லுங்கள். ஒட்டு எங்கே இருக்கிறது என்று விரலால் காட்டச் சொல்லுங்கள். செடியோடு கொடுக்கும் அந்த டிஏபி பொட்டலத்தை மேசையிலேயே வைத்துவிட்டு வாருங்கள். வீட்டுக்கு வந்ததும் ஆறு மணி நேரம் வெயில் விழும் இடத்தைப் பாருங்கள், களிமண்ணைத் தளர்த்தி, மட்கிய எருவோடு நடுங்கள். புதுத்தளிர் வந்து முற்றும் வரை உரம் என்று எதையும் கையில் எடுக்க வேண்டியதில்லை.